முசிறியில் உரோமப் படை இருந்ததா?

வித்துராவுக்குக் கிழக்கே, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால், முகில் தவழ நிற்கும் அகத்தியர் மலையைத் தமிழ்ப் புலவர்கள் பொதியில் என்று போற்றினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி என்னும் நிலநூலார் 'பெட்டிகோ' என்று குறித்த மலை இப்பொதியிலே என்பது அறிஞர் பலரின் கருத்து. இம்மலைசார்ந்த ஆய் நாட்டையும் அவர் 'அயோய்' என்று குறித்துள்ளார். அரசுப் பணியின் பொருட்டும், வணிகத்தின் பொருட்டும், தோட்டத் தொழிலின் பொருட்டும் மலை கடந்து இப்பக்கம் வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், அயல் மண்ணில் வாழ்கிறோம் என்று எண்ணுவதுண்டு. ஆயின் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் அமர்ந்து நிலநூல் எழுதியோர் இம்மலையையும் இதனைச் சார்ந்த நாட்டையும் அறிந்திருந்தனர்.

இவ்வளவில் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் பெருமிதம் வரலாற்றுக்கு வழித்துணையாகலாம், வழிகாட்டி ஆகலாகாது. உரோமரைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு மண் என்ன சான்று கூறுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பழஞ்செய்தி

மலபார் மாவட்டத்தில் ஆட்சித் தலைவராக விளங்கிய வில்லியம் லோகன் 1887-இல் வெளியிட்ட 'மலபார் மானுவல்' என்னும் பெருநூல், கேரள வரலாறு எழுதுவோர்க்கெல்லாம் இன்றளவும் கைந்நூலாக உள்ளது. முசிறியில் தம் வணிகத்தைக் காக்க உரோமர் இரண்டு படைப்பிரிவுகளை, அதாவது 840 முதல் 1,200 வரையிலான வீரர்களை, நிறுத்தியிருந்தனர் என்றும், அங்கு அகஸ்டஸ் பேரரசனுக்குக் கோயில் ஒன்று இருந்தது என்றும் அந்நூல் கூறுகிறது. இதற்குப் 'பியூட்டிங்கர் படம்' என்னும் பழைய உரோம நிலப்படத்தையே சான்றாக அது காட்டுகிறது. அவருக்குப் பின் எழுதியோர் பலர் இச்செய்தியை அவ்வாறே எடுத்தாண்டனர். நம் பிள்ளைகள் கேட்கும் வினாவும் இதிலிருந்தே பிறக்கிறது: "உரோமர் இங்கும் வந்து ஆண்டனரா?"

இப்படம் இன்று வியன்னா நகரில் உள்ள ஆஸ்திரிய நாட்டு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. உரோமப் பேரரசின் பிற்காலத்தில் வரையப்பட்ட மூலத்தை, இடைக்காலத்தில் ஒருவர் நீண்ட தோற்சுருளில் படியெடுத்தார். பதினாறாம் நூற்றாண்டில் அதனை வைத்திருந்தவர் ஜெர்மானிய நாட்டு ஆக்ஸ்பர்க் நகரத்துக் கான்ராட் பியூட்டிங்கர் என்பார். அப்படத்தில் முசிறி என்னும் பெயர் உண்டு. அதன் அருகே ஒரு காயல் உண்டு. அகஸ்டஸ் கோயில் என்னும் பொருள்பட எழுதப்பட்ட சிறு கட்டடமும் உண்டு. ஆனால் படைவீரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோயில் இருந்தது, கோயிலைக் காக்கப் படை இருந்திருக்கும், படை எனின் இத்தனை வீரர் இருந்திருப்பர் என்று ஊகத்தின்மேல் ஊகமாக அடுக்கப்பட்ட ஒன்றே பின்னர்ச் செய்தியாகிவிட்டது. அது அகஸ்டஸ் கோயில் அன்று, அகத்தியர் கோயில் என்று ஒலி ஒப்புமை கொண்டு கூறுவாரும் உளர். அகத்தியர் மலையின் நிழலில் வாழும் நமக்கு அது கேட்க இனிதாகவே உள்ளது. எனினும் ஒலி ஒன்றே சான்றாகாது.

ஏட்டில் இல்லாதது மண்ணில் உண்டோ என்பதே அடுத்த வினா.

படை சென்ற வழியை மண் காட்டுமா?

உரோமப் படை ஓரிடத்தில் தங்கினால் அதன் அடையாளங்கள் எளிதில் அழிவதில்லை. படைவீரரின் தோற்செருப்பின் அடியில் இரும்பாணிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. நடந்த வழியெல்லாம் அவை உதிர்ந்தன. கவண்கொண்டு எறியும் ஈயக்குண்டுகள், ஈட்டி முனைகள், கச்சையின் வெண்கலப் பூட்டுகள், குதிரைச் சேணத்தின் அணிகள், படையின் பெயர் பொறித்த ஓடுகள் ஆகியன மண்ணுள் கிடக்கும். ஐரோப்பாவில் இவற்றைக் கண்டெடுக்கப் பெரிதும் துணைசெய்த கருவி, உலோகங்காட்டி எனப்படும் மெட்டல் டிடெக்டர்.

கோயில் வாயிலிலும் விமான நிலையத்திலும் நாம் அதனைக் காண்கிறோம். கம்பிச் சுருளொன்றில் மாறுமின்னோட்டம் பாயும்போது அதனைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. அருகில் உலோகம் இருப்பின் அவ்வுலோகத்துள் சுழல் மின்னோட்டம் தோன்றி எதிர்ப்புலம் ஒன்றை எழுப்புகிறது. அவ்வேறுபாட்டைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலுள் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசி கண்ட கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைச் செய்து முயன்றார். அம்முயற்சி பயன் தரவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் படை அலுவலர் கோசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி, 1942-இல் எகிப்தின் எல் அலமைன் போர்க்களத்தில் பெரும்பயன் தந்தது. போருக்குப் பின் அதன் வழிவந்த கருவிகள் பொதுமக்கள் கைக்கும் வந்தன.

இக்கருவியால் விளைந்த பெரும்பேறு ஜெர்மனியில் உள்ள கால்கிரீசே என்னும் ஊரில் வாய்த்தது. கி.பி. 9-இல் வாருஸ் என்னும் உரோமத் தளபதி மூன்று பெரும்படைகளுடன் ஜெர்மானியக் காட்டுவழியே செல்லும்போது சூழ்ந்து தாக்கப்பட்டுப் படையோடு அழிந்தான். அக்களம் எங்கிருந்தது என்று நூற்றாண்டுக்கணக்கில் அறிஞர் வழக்காடினர். கால்கிரீசேப் பகுதியில் கிடைத்த பழங்காசுகளைக் கொண்டு, அதுவே களம் என்று மாம்சென் என்னும் பேரறிஞர் 1885-இலேயே கருதினார். அப்போது அதனைப் பலர் ஏற்கவில்லை. 1987-இல் அப்பக்கத்தில் பணியாற்றிய டோனி கிளன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், வட்டாரத் தொல்லியல் அறிஞரின் இசைவு பெற்று, உலோகங்காட்டியுடன் வயல்களில் தேடினார். வெள்ளிக் காசுகள் கிடைத்தன. மறு ஆண்டு மூன்று ஈயக் கவண்குண்டுகள் கிடைத்தன. காசு வணிகனுடையதாகவும் இருக்கலாம், கவண்குண்டு படைவீரனுடையதே. பின்னர் நடந்த முறையான அகழாய்வில் குதிரைவீரனின் இரும்பு முகக்கவசம் முதலாக ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த செப்புக்காசுகள் சிலவற்றில் வாருஸின் பெயர்முத்திரை குத்தப்பட்டிருந்தது. அதுவே முழுக்களமா என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. எனினும் அங்கு உரோமப் படை அழிந்தது என்பதற்கு மண்ணே சாட்சி.

ஒரே காசு, இரு வழக்கு

கால்கிரீசேயில் கிடைத்த வெள்ளிக் காசுகளுள் ஒரு வகை நம் கவனத்துக்கு உரியது. அகஸ்டஸ் தன் பேரர்களாகிய காயஸ், லூசியஸ் என்னும் இருவரின் உருவைப் பொறித்து, இன்றைய பிரான்சு நாட்டு லியோன் நகரில் கி.மு. 2 முதல் வெளியிட்ட டெனாரியஸ் காசு அது. அதில் இளைஞர் இருவர் நிற்பர். அவர்களிடையே இரு கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். அக்காலத்து உரோமப் படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 225 டெனாரியஸ். ஆகவே காட்டில் மடிந்த வீரர்தம் பைகளில் இக்காசு இருந்ததில் வியப்பில்லை.

வியப்பு வேறிடத்தில் உள்ளது. இந்திய மண்ணில் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் மிகுதியாகக் காணப்படுவன இரண்டே வகை. ஒன்று திபேரியஸ் வெளியிட்டது. மற்றொன்று இதே கேடயமும் ஈட்டியும் பொறித்த காசு. கோவை வட்டாரப் புதையல்களில் இவ்விரண்டையும் காணலாம். ஜெர்மானியக் காட்டில் இக்காசு கவண்குண்டோடும் ஈட்டிமுனையோடும் கிடந்தது. தமிழ் மண்ணில் அது கலங்களில் சேர்த்து வைக்கப்பட்ட பெருந்தொகையாகக் கிடந்தது. அங்கு அது படையின் ஊதியம். இங்கு மிளகின் விலை. காசு ஒன்றே, உடன் கிடந்தவை வேறு. உடன் கிடந்தவற்றை மறந்து காசை மட்டும் கையிலெடுத்தால் இரண்டிற்கும் வேற்றுமை தெரியாது.

அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நாம் இதனை நன்கு அறிவோம். எண்ணும் நாளும் அனுப்பியவர் பெயரும் இல்லாத கடிதம் எவ்வளவு அழகிய கையெழுத்தில் இருப்பினும் கோப்பில் சேர்க்க இயலாது. அதனை எவ்வழக்கிலும் சான்றாகக் காட்டவும் இயலாது. பழம்பொருளுக்குக் கிடைத்த இடமும், கிடந்த மண்ணடுக்கும், உடன் கிடந்தவையுமே எண்ணும் நாளும் ஆகும்.

இங்குக் கிடைத்தவை யாவை?

நம் நாட்டில் உரோமக் காசுகளை வெளிக்கொணர்ந்தது உலோகங்காட்டி அன்று, பெரும்பாலும் மண்வெட்டியே. 1847-இல் கண்ணூர் அருகேயுள்ள கோட்டயத்தில் (இன்று மாவட்டத் தலைநகராக விளங்கும் கோட்டயம் வேறு) பெருந்தொகையான உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உண்டு. அக்காசுகளைப் பணமாக வழங்காதிருக்கும் பொருட்டு அவ்வாறு செய்தனர் என்பர். உரோமப் பேரரசனின் ஆட்சி இங்கு நடந்திருப்பின் அவன் தலைமீது உளி வைக்க எவர் துணிவர் என்பதும் எண்ணத்தக்கது.

1946-இல் திருச்சூர்ப் பகுதியில் எய்யால் என்னும் ஊரில் உரோமப் பொற்காசுகள் 12-உம் வெள்ளிக்காசுகள் 71-உம், நம் நாட்டு முத்திரைக் காசுகளுடன் ஒரே கலத்தில் கிடைத்தன. 1983-இல் எர்ணாகுளம் மாவட்டம் வடக்குப் பறவூரை அடுத்த வள்ளுவள்ளியில் 252 பொற்காசுகள் வெளிப்பட்டன. அவ்விடத்துக்கு அண்மையில் உள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகள் அகழாய்வு நடத்தியது. மதுவும் எண்ணெயும் கொணர்ந்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் துண்டுகள், மணிகள், மிளகு, கரையில் கட்டிய செங்கற் கட்டுமானம், ஒற்றை மரத்தில் குடைந்த ஓடம் ஆகியன அங்குக் கிடைத்தன. அதுவே முசிறி அல்லது முசிறியின் பகுதி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

கிழக்குக் கரையில் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோதும் இத்தாலிய நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் கிடைத்தன. வீலர் தாமே படை அலுவலராய் இருந்தவர். பிரிட்டனில் உரோமக் காலத்து இடங்களை அகழ்ந்து தேர்ந்தவர். படை தங்கிய அடையாளம் அவர் கண்ணுக்குத் தப்பியிராது.

இவ்வளவு பொருள்களினிடையே ஒரு படைமுகாமின் அகழியோ, படையின் பெயர் பொறித்த ஓடோ, உரோமப் படை இங்குத் தங்கியதை நிறுவும் பிற சான்றோ முசிறியிலும் அரிக்கமேட்டிலும் வெளிப்பட்டதில்லை.

படை எதுவரை வந்தது?

அங்ஙனமாயின் உரோமப் படைக்கும் நம் கடல் வணிகத்துக்கும் தொடர்பே இல்லையா எனின், உண்டு. மிளகு நாடி வரும் கலங்களில் கடற்கொள்ளையர்க்கு அஞ்சி வில்வீரரை ஏற்றி வந்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். எகிப்தின் செங்கடற் கரையில் இருந்த பெரெனிகே துறைமுகத்திலிருந்து நைல் ஆற்றங்கரை வரையுள்ள பாலைவழி நெடுகிலும் சிறு கோட்டைகள் அமைத்து வீரரை நிறுத்தினர். பெரெனிகேயின் கோயிலொன்றில் இந்தியச் சாடி ஒன்றினுள் ஏழரைக் கிலோ கருமிளகு அகழாய்வில் கிடைத்துள்ளது.

முசிறியிலிருந்து மீண்ட 'எர்மபொல்லோன்' என்னும் கலத்தின் சரக்கைப் பற்றிய கடன் உடன்படிக்கை ஒன்று எகிப்திய நாணற்றாளில் எழுதப்பட்டது. அது வியன்னாவில் உள்ளது, 1985-இல் பதிப்பிக்கப்பெற்றது. சரக்கைப் பாலைவழியில் காவலுடன் கொண்டு செல்லவேண்டும் என்பதும், நான்கில் ஒரு பங்கு சுங்கம் இறுக்கவேண்டும் என்பதும் அதனால் விளங்குகின்றன. சுங்கம் உள்ள இடத்தில் காவலும் வேண்டும் அல்லவா? படை நின்றது சுங்கச்சாவடிப் பக்கத்தில். மிளகுத் தோட்டத்துப் பக்கத்தில் அன்று.

செங்கடலின் தென்கோடியில் உள்ள ஃபராசான் தீவுகளில் கிடைத்த இலத்தீன் கல்வெட்டு ஒன்று, கி.பி. 143-144-இல் அங்கு உரோமப் பெரும்படை ஒன்றின் பிரிவு இருந்ததைக் கூறுகிறது. நம் கரையை நோக்கிய கடல்வழியில் உரோமப் படை நிலைகொண்டிருந்தமைக்கு ஐயமற்ற கல்வெட்டுச் சான்று அத்தீவுவரையில்தான் உண்டு. அதற்கப்பால் விரிந்தது அரபிக்கடல். அதற்கும் அப்பால் முசிறி.

சங்க இலக்கியம் காட்டும் யவனர்

கிரேக்கரையும் உரோமரையும் மேற்காசியரையும் யவனர் என்ற ஒரு சொல்லால் நம் முன்னோர் குறித்தனர். முல்லைப்பாட்டில் மன்னனின் பாசறையில் சட்டையணிந்த யவனர் காவல் புரிகின்றனர். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர் நிற்கின்றனர். அகநானூற்றுப் பாடலொன்று யவனர் கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீள்வதைக் கூறுகிறது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகமோ, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிணித்து நெய்யைத் தலையில் பெய்து தண்டித்ததைப் பாடுகிறது.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஒன்று புலப்படும். வாளேந்திய யவனர் தமிழகத்தில் இருந்தனர். ஆனால் தமிழ் மன்னனின் ஏவலில் இருந்தனர். தம் பேரரசனின் கொடியைத் தாங்கி வந்த படையாக அவர்களை எப்பாடலும் காட்டவில்லை. பாடற்சான்றும் மண்சான்றும் இங்கு முரண்படவில்லை.

இத்துணையும் கூறியது உரோமப் படை வரவேயில்லை என்று முடிந்த முடிபாக அறுதியிட அன்று. பெரியாற்றங்கரையில் நாளையே செருப்பாணிகள் வரிசையாய் ஓர் அடுக்கில் கிடைக்குமாயின் அதனை ஏற்கவேண்டியதே முறை. இன்றுள்ள சான்று அப்பக்கம் இல்லை என்பதே நாம் கூறுவது.

பொருள் ஒன்றே போதுமா?

அப்படி ஒரு பொருள் கிடைப்பினும் அது தனித்துப் பேசாது. இங்கிலாந்தின் இரு நிகழ்ச்சிகள் இதற்கு நல்ல பாடம். 2000-இல் லெஸ்டர்ஷயர் பகுதியில் ஹாலட்டன் என்னுமிடத்தில் உலோகங்காட்டியால் பழங்காசுகளைக் கண்ட ஆர்வலர் உடனே அறிவித்தார். பல்கலைக்கழக அறிஞர்கள் அகழ்ந்தனர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளும், வெள்ளிமுலாமிட்ட உரோமக் குதிரைவீரனின் தலைக்கவசமும் வெளிப்பட்டன. கவசத்தை மண்ணோடு பெயர்த்தெடுத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் உழைத்துச் சீராக்கினர். முறையாக அகழ்ந்தமையால் ஓர் உண்மை தெரிந்தது. அவ்விடம் உரோமர் முகாம் அன்று. அந்நாட்டுப் பழங்குடியினரின் வழிபாட்டிடம். உரோமக் கவசம் கிடைத்த இடமெல்லாம் உரோமர் ஆண்ட இடமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2010-இல் கம்பிரியாப் பகுதியில் கிராஸ்பி காரெட் என்னும் ஊரருகே அதனினும் அழகிய முகக்கவசத்துடன் கூடிய வெண்கலத் தலைக்கவசம் கிடைத்தது. அன்றைய சட்டப்படி வெண்கலப் பொருள் ஒன்று தனியே கிடைப்பின் புதையலாகாது. தொல்லியலார் முழுமையாக ஆராயுமுன்பே ஏல நிறுவனத்துக்காக அது செப்பனிடப்பட்டு, ஏறத்தாழ 23 இலட்சம் பவுனுக்கு ஏலத்தில் விலைபோயிற்று. வட்டார அருங்காட்சியகம் பொருள் திரட்டி முயன்றும் பெற இயலவில்லை. அக்குறையை நீக்கச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. இரு கவசங்களுள் அழகால் மிக்கது இரண்டாவது. அறிவைத் தந்தது முதலாவது.

நம் கடமை

நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுப்போர் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. கேரளத்துக்கெனத் தனிச் சட்டம் 1968-இல் இயற்றப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. சட்டங்கள் உள்ளன. ஆயினும் கிடைத்த காசு தட்டானின் உலைக்குச் செல்வதும், மை போட்டுப் புதையல் பார்ப்போர் சொற்கேட்டுப் பழங்கல்லறைகளைக் குடைவதும், இக்காலத்தில் கருவி வாங்கிவந்து இரவில் தேடுவதும் நிகழவே செய்கின்றன. நம் செம்மண்ணில் இரும்புச்சத்து மிகுதி. அதுவே கருவியைக் குழப்பும். அன்றியும் சிறு காசு ஒரு முழ ஆழத்துக்குக் கீழே கிடப்பின் எளிய கருவிகளுக்கு எட்டாது. ஆகவே பெறுவது சிறிது. கிளறிக் கெடுப்பது பெரிது.

வித்துரா, நெடுமங்காடு சுற்றுப்புறத்தில் ரப்பர்க் குழி எடுப்போரும், கிணறு வெட்டுவோரும், வீட்டுக்கு வானம் தோண்டுவோரும் நம்மவருள் பலர். மண்வெட்டியில் பழங்கலமோ காசோ தட்டுப்படின் நாம் செய்யவேண்டுவன சில. தோண்டுவதை அவ்வளவில் நிறுத்துக. பொருளைக் கழுவாதீர், புளியிட்டுத் தேய்க்காதீர். கிடந்த நிலையில் படம் எடுத்து, ஆழத்தை அளந்து குறித்துக்கொள்க. கிராம அலுவலகத்துக்கும் அதன்வழி ஆட்சித் தலைவருக்கும் எழுத்தில் தெரிவித்து, தொல்லியல் துறையினர் வரும்வரை அவ்விடத்தைக் காத்து வைக்க.

பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிவைத்தல் வேண்டும். "உரோமர் இங்கு ஆண்டனரா?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "ஆண்டதற்குச் சான்றில்லை, வாங்கவும் விற்கவும் வந்தனர், சிலர் நம் மன்னர் வாயிலில் காவல் நின்றனர்" என்று கூறலாம். எவ்வாறு தெரியும் என்று அப்பிள்ளை மேலும் கேட்குமாயின், வள்ளுவள்ளியையும் புதுக்கோட்டையையும் பட்டணத்தையும் சொல்லி, ஒவ்வொன்றும் எங்கே, எந்த ஆண்டில், எவற்றோடு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.